குச்சிக்கு மறதி இல்லை

காட்டுப்பன்றிக்கும் எங்களுக்கும் நடந்த சண்டையில் எப்போதும் ஜெயித்தது பன்றிதான். ஏரியூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்ட யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார்கள். வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டிப் பார்த்தோம். என் கல்யாணப் பட்டு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வேலிக்குப் போய்விட்டது. பன்றி சேலைக்கு அடியில் நுழைந்து வந்து, வேண்டியதைத் தின்று, வேண்டாததை உழுதுவிட்டுப் போனது. வெடி வைத்தோம். முதலில் பயந்தது, பிறகு திருவிழாவுக்கு வருவதுபோல் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. அந்த நிலைமையில் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, பன்றி தொடாத கிழங்கு உண்டாக்கிக் காட்டுகிறோம், ஒரு ஏக்கர் விடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் மாதவராஜ் தலையாட்டிவிட்டார். அவருக்கு எப்போதும் தலை முதலில் ஆடும், யோசனை பின்னால் வரும்.

கம்பெனி சார்பில் வயலுக்கு வந்தவள் யுவராணி. அரூர்ப் பக்கத்துப் பெண். விவசாயப் படிப்பு படித்தவள். ஸ்கூட்டரில் வருவாள், செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வயலில் இறங்குவாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. ஷூவோடு வரப்பில் நின்று கையை மட்டும் நீட்டிவிட்டுப் போகிற ஆபீசர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். அவள் கொண்டுவந்த ஐஸ் பெட்டிக்குள் சின்னச் சின்னப் புட்டிகள் இருந்தன. உள்ளே இருந்தது தண்ணீர் மாதிரிதான் இருந்தது. ஒரு வாசனைகூட இல்லை.

"இது பூச்சி மருந்தா, உரமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இல்லீங்கக்கா. ஆர்.என்.ஏ.ன்னு ஒரு சின்னத் துணுக்கு. செடிக்குள்ள என்னென்ன செய்யணும்னு எல்லாம் ஜீன்ல எழுதித்தான் இருக்குது. ஆனா எல்லாம் ஒரே நேரத்துல வேல செய்யாது. வூட்ல பத்து லைட்டு இருந்தா பத்தையுமா போட்டு வைக்கறோம்? இந்த ரோஸ் கெழங்குல கசப்பு பண்ற ஜீனு பெரும்பாலும் அணைஞ்சு கெடக்குது. துணுக்கு உள்ள போயி அந்த சுவிட்ச்சப் போடும். அவ்வளவுதாங்க."

"கசப்புன்னா வெறும் கசப்பா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "வெஷந்தாங்க. சயனைடு. குச்சிக்கெழங்குன்னா எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கறதுதான்."

இது எங்களுக்குப் புதிய சங்கதி இல்லை. ஆடு கிழங்குத் தழையை அளவுக்கு மீறித் தின்றால் செத்துப்போகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கிழங்கில் வெள்ளை, ரோஸ் என்று இரண்டு உண்டு. வெள்ளை சேகோ ஆலைக்கு. அவர்கள் அரைத்து, கழுவி, காயவைத்து ஜவ்வரிசி ஆக்குவதற்குள் விஷம் தண்ணீரோடு போய்விடும். ரோஸ் வாய்க்கு. மேல் தோலை நகத்தால் கீறினால் உள்ளே ரோஜா நிறம் தெரியும். தெரிந்தால் வேகவைத்துத் தின்னலாம், அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. பன்றிக்கும் ரோஸ்தான் பிடிக்கும் என்பதால் கம்பெனியும் ரோஸையே எடுத்துக்கொண்டது. விளைந்த கிழங்கு மொத்தமும் ஆலைக்குப் போக வேண்டும், ஒன்றுகூட வீட்டுக்கு வரக்கூடாது, குச்சிகளை வயலிலேயே எரித்துவிட வேண்டும் என்பது பேச்சு.

"சரி கண்ணு, போட்ட சுவிட்ச்ச யாரு அணைக்கறது?"

"அதுவா அணைஞ்சிடுங்கக்கா. துணுக்கு கொஞ்ச நாள்ல கரைஞ்சிடும். குச்சிய மறுபடி நட்டா, வர்ற செடிக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. மறந்துடும்."

அந்தச் சொல் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. மறதி உள்ளதைக் கண்டு யார் பயப்படுவார்கள்? நான் மாதவராஜோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேன். அவர் கடைக்குப் போய் வாங்க மறந்த சாமான்களைச் சேர்த்தால் இன்னொரு மளிகைக் கடையே வைக்கலாம்.

தெளித்த கொஞ்ச நாளில் பன்றி நின்றுவிட்டது. வெடி இல்லை, சேலை இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் வரப்பு வரைக்கும் குளம்புத் தடம் இருக்கும். அங்கிருந்து வயலைச் சுற்றிக்கொண்டு அடுத்தவர் கிழங்குக் காட்டுக்குப் போயிருக்கும். உள்ளே ஒரு தடமும் இருக்காது. ஊரே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. எனக்கு மட்டும் அந்த ஏக்கருக்குள் போகப் பிடிக்கவில்லை. கிழங்குக் காடு என்றால் எலி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே எலி வளைகளில் சிலந்தி நூல் கட்டியிருந்தது. பக்கத்துக் காட்டு மாதையன், "பன்னியே தொடாத கெழங்கு, எனக்குப் பத்துக் குச்சி குடுங்க" என்று கேட்டபோது, "பன்னியே தொடாதத நாம ஏன் தொடணும்?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

தை பிறந்ததும் கிழங்கு பிடுங்கி லாரியில் ஏற்றினோம். வயலில் குச்சிகள் மட்டும் மலையாகக் கிடந்தன. அங்கேதான் வம்பு வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் வெட்டுகிற விதைக்குச்சியில் முதல் கட்டு, அந்த வீட்டில் பிறந்து வெளியூரில் வாழ்கிற பெண்ணுக்குப் போக வேண்டும். அதைக் கட்டுவது வீட்டுக்கு வந்த மருமகளின் வேலை. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆயிரம் பேச்சு இருக்கலாம், கட்டு மட்டும் நின்றதில்லை. என் நாத்தனார் மணிமேகலை காரிமங்கலம் பக்கத்து மானாவாரி ஊர் ஒன்றில் இருக்கிறாள். கிணற்றை நம்பிக் கொஞ்சம் நிலம். அவள் புருஷன் பூவரசன் சந்தையில் தள்ளுவண்டி போட்டு வேகவைத்த கிழங்கு விற்கிறவன். தோலோடு கொஞ்சம் தண்ணீரில் ஆவி கட்டி வேகவைத்து, உரித்து, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்துப் போட்டுத் தாளித்துக் கொடுப்பான். காரிமங்கலம் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவர்கள்கூட அவன் வண்டியைத் தேடி வருவார்கள். அவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் சேர்த்திருக்கிறார்கள். பெரிய பெயர் ஒன்று வைத்தார்கள், நாங்கள் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். என்னைக் கண்டால் ஓடிவந்து இடுப்பில் ஏறிக்கொள்ளும். எனக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள் என்பதால் எனக்கும் அவள்மேல் கொஞ்சம் அதிகப்படியான ஆசைதான்.

அந்த வருஷம் எங்கள் மற்ற காடுகளைப் பன்றி புரட்டிப் போட்டிருந்தது. குச்சி என்று சொல்லும்படி நேராக, தடிமனாக நின்றது அந்த ஒரு ஏக்கரில்தான். எரிக்கிற நாளன்று யுவராணி மண்ணெண்ணெயோடு வந்தாள். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம் போனார்.

"மேடம், ஒரே ஒரு கட்டு. எந்தங்கச்சிக்குங்க. பொறந்த வூட்டுக் கட்டு. விட்டுப்போச்சுன்னா அது மனசு ஒடைஞ்சிடும்."

நான் கட்டை முடித்து, இரண்டு முனையையும் அரிவாளால் சமமாக நறுக்கி, மஞ்சள் தடவி வைத்திருந்தேன். யுவராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா குச்சி வெட்டற கூலிக்குப் போவாங்க" என்றாள். "மொத கட்டு வூட்டுப் பொண்ணுக்கு, கடைசிக் கட்டு கூலிக்காரங்களுக்கு. அந்தக் கடைசிக் கட்ட வச்சுத்தான் எங்க வூட்டுப் பின்னால கெழங்கு மொளைக்கும். நானும் ஒரு தடவகூட குச்சி எரிச்சதில்லீங்க."

"அதான் எல்லாத்தையும் மறந்துடும்னு சொன்னீங்களே" என்றார் இவர்.

"மறந்துடுங்க. ஆனா மொத வருசம் வர்ற கெழங்க ஆலைக்குப் போடச் சொல்லுங்க. திங்க வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க." அவள் கட்டைப் பார்க்காததுபோல் வயலின் அடுத்த கோடிக்குப் போய் அங்கிருந்து தீ வைத்தாள்.

வேறு ஊர்க்காரி யாராவது வந்திருந்தால் அந்தக் கட்டையும் சேர்த்து எரித்திருப்பாள். இவள் நம்ம பக்கத்துப் பெண்ணாகப் போய்விட்டாள். நல்ல மனசுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நல்ல மனசு கெடுத்த அளவுக்குக் கெட்ட மனசு இந்த உலகத்தில் கெடுத்திருக்காது.

கட்டு பஸ்ஸில் ஏறி மணிமேகலை வீட்டுக்குப் போயிற்று. அவள் அதைக் கரணை கரணையாக வெட்டி நட்டாள். நன்றாக வந்திருக்கிறது அண்ணி, ஒரு எலிகூடத் தொடவில்லை என்று போனில் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் முனை நறுக்கிப் போட்ட துண்டுகளை யாரும் கவனிக்கவில்லை. அவை பாத்திரம் கழுவுகிற இடத்தில், தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் விழுந்து துளிர்த்து, புரட்டாசியில் என் தோள் உயரம் நின்றன. ஒரு நாள் காலை எங்கள் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதில் வாய் வைத்தது. நான் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு விரட்டினேன். ஆடு நாலு எட்டு வந்தது. முன்னங்கால் மடிந்தது. வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தது. நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கண் நிலைத்துவிட்டது.

நான் இதுவரை கிழங்குத் தழை தின்று செத்த ஆடுகளைப் பார்த்திருக்கிறேன். அவை கட்டுக் கட்டாகத் தின்றுவிட்டு, வயிறு உப்பி, பொழுதெல்லாம் கத்திச் சாகும். இது தின்றது ஒரு வாய். மாதவராஜ் ஆட்டின் காதை அறுத்துப் பார்த்தார். ரத்தம் குங்குமத்தைக் கரைத்ததுபோல் இருந்தது. செத்த ஆட்டின் ரத்தம் அப்படி இருக்காது. 

யுவராணி பென்னாகரத்தில் இருந்தாள், போன் போட்டதும் வந்துவிட்டாள். இலையைக் கசக்கி ஒரு குட்டிப் புட்டியில் போட்டு, மஞ்சள் காகிதத் துண்டு ஒன்றை உள்ளே தொங்கவிட்டு மூடினாள். விஷம் குறைவென்றால் காகிதம் மஞ்சளாகவே இருக்கும், அதிகமென்றால் சிவக்கும். போன வருஷம் மருந்தடித்த செடிக்குச் செங்கல் நிறம் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். இது மறந்த செடி, மஞ்சளாக இருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் புட்டியையே பார்த்தோம். காகிதம் செங்கல் நிறத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்குப் போன பிறகுதான் நின்றது.

"தாய் எட்டடி பாஞ்சா குட்டி பதினாறடி பாயும்னு சும்மாவா சொன்னாங்க" என்றேன். வாய்க்கு வந்துவிட்டது. யுவராணியின் முகத்தைப் பார்த்த பிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது.

"அணையலீங்கக்கா" என்றாள். "துணுக்கு கரைஞ்சுதான் போச்சு. ஆனா அது தொறந்துவிட்ட கதவு அப்படியே தொறந்து கெடக்குது. குச்சிக்குள்ளயே பதிஞ்சிடுச்சு. இன்னும் ஏறியிருக்குது." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "தங்கச்சிகிட்ட ஆலைக்குத்தான் போடணும்னு சொன்னீங்கல்ல?"

 மாதவராஜ் வேலியைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. செடி மறக்கும் என்று நம்பினோம், மறந்தது இவர். மணிமேகலை தோலைக் கீறிப் பார்த்திருப்பாள். ரோஜா நிறம் தெரிந்திருக்கும். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அணைய வேண்டியது எரிகிறது, இது அணைந்து கிடக்கிறது என்று போனைத் திட்டினேன். பூவரசன் போன் அடித்தது, எடுக்கவில்லை. கடைசியில் அவர்கள் பக்கத்து வீட்டு ரோசம்மாள் கிடைத்தாள்.

"இன்னைக்கு சந்தையாச்சேங்க" என்றாள். "புதுக் கெழங்கு பிடுங்கி, மூணு பேரும் வண்டியோட போயிட்டாங்க. காலையிலயே ஒரு சட்டி வேகவச்சு ருசி பாத்தாங்க. எனக்கும் குடுத்தாங்க, நான் வெரதம். அப்படியே வச்சிருக்கறேன்."

"தொடாதீங்க" என்றேன். "கோழிக்குக்கூடப் போடாதீங்க. குழி தோண்டிப் பொதைச்சிடுங்க."

யுவராணி அதற்குள் தன் மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் குரல் வெளியே எனக்கும் கேட்டது. உறுதியாகத் தெரியாமல் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம், முதலில் நேரில் போய்ப் பார், போலீசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கம்பெனி பெயர் போகக்கூடாது என்றார். அவர் உட்கார்ந்திருந்த அறை ரொம்பக் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும், குரல் அப்படி இருந்தது. அவள் "சரிங்க சார்" என்றுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மாதவராஜ் வீட்டில் இருந்தபடி பூவரசனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேன். ஏரியூரிலிருந்து காரிமங்கலம் போக மாவட்டத்தில் பாதியைக் கடக்க வேண்டும். பென்னாகரம் தாண்டி, தர்மபுரி தாண்டி நாங்கள் போகிற வழியெல்லாம் ரோட்டோரக் கடைகளில் மனிதர்கள் எதையாவது தின்றுகொண்டே இருந்தார்கள். ஒரு நாளும் இதை நான் கவனித்ததில்லை. மனிதனுக்கு வாய் ஓய்வதே இல்லை.

சந்தையில் கூட்டம் நெரிந்தது. மாட்டுப் பக்கம், மிளகாய் மூட்டைப் பக்கம், ஏலம் விடுகிற மைக் சத்தம். இதில் யார் போனை யார் கேட்பார்கள்? பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் வண்டி நின்றது. பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பூவரசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"வாங்கக்கா, வாங்க. என்ன திடீர்னு? செத்த முன்னாடி வந்திருந்தா ஒரு தட்டு தந்திருப்பேன். எம்பட அனுபவத்துல இப்படி ஒரு ஓட்டம் ஓடினதில்ல. துளி கசந்துச்சு, மொளகா கூடப் போட்டதுல தெரியல. அடிச் சட்டியில கெடந்தத வரைக்கும் வழிச்சுட்டாங்க."

"நீ தின்னியா தம்பி?"

"வித்து முடியாம நான் எப்பக்கா தின்னேன்? மணிதான் காலையில ருசி பாத்தா."

மணிமேகலை வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழ முயன்று, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணி, வெயிலு. காலையிலேர்ந்து தல கிறுகிறுன்னு வருது."

"பாப்பா எங்க?"

"வண்டிக்கடியில தூங்கறா. வர்ற வழியில ரெண்டு தரம் வாந்தி எடுத்தா. எண்ணெப் பலகாரம் ஏதோ ஒத்துக்கல போல."

நான் குனிந்து சாக்கை விலக்கினேன். பாப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் நன்றாகச் சிவந்திருந்தது. பார்க்கிறவர்கள் குழந்தை செழிப்பாக இருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். மூச்சு மட்டும் ஓடிவந்த நாய்க்கு வாங்குவதுபோல் வாங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தூக்கினேன். தலை என் கையில் நிற்காமல் பின்னால் சரிந்தது. எனக்கு அந்த ஆட்டின் முன்னங்கால் ஞாபகத்துக்கு வந்தது. அதை நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

ஆட்டோவில் தாயையும் மகளையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயசு டாக்டர். பாப்பாவின் கண்ணை விரித்துப் பார்த்தார், மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். "என்ன குடிச்சா? பூச்சி மருந்து ஏதாவது வீட்ல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார், கெழங்குதான் தின்னா" என்றான் பூவரசன். "ரோஸ் கெழங்குங்க. நாங்க காலங்காலமா திங்கறது."

"கிழங்கு தின்னா இப்படி ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் நர்சிடம் பூச்சி மருந்துக்குக் கொடுக்கிற ஊசியின் பெயரைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து யுவராணியின் போன் அடித்தது. மேலதிகாரி. அவள் கையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் வேலை, அவள் அம்மா வெட்டிய குச்சிகள், படித்த படிப்பு எல்லாம் அந்தப் போனுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இவள் மட்டும் இப்போது வாய் திறக்காவிட்டால் இங்கேயே கழுத்தைப் பிடிப்பேன் என்றுதான் நின்றேன். அவள் போனை அணைத்தாள்.

"சயனைடு, சார்" என்றாள். "பூச்சி மருந்து இல்ல. அந்த ஊசி போடாதீங்க. கெழங்குல வெஷம் கூடற மாதிரி ஒரு மருந்து அடிச்சிருக்குது. அடிச்சது நான்தான்." கம்பெனி பெயரையும் ஊரையும் தன் பெயரையும் சொன்னாள். 

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பீரோவிலிருந்து வேறு மருந்து வந்தது. இருந்தது கொஞ்சம்தான். பாப்பாவுக்கு ஏற்றினார்கள், அடுத்த கட்டிலில் படுத்திருந்த மணிமேகலைக்கும் ஏற்றினார்கள். தர்மபுரிக்குப் போன் போட்டு இன்னும் கேட்டார்கள். நான் பாப்பாவின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றவில்லை. மூச்சு வாங்கு, வாங்கு என்று அந்தக் குழந்தையைத்தான் அதட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தத் தவிப்பு குறைந்தது. மூச்சு மூச்சுபோல் வர ஆரம்பித்தது. டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பிழைச்சுக்குவா" என்றார். பூவரசன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். டாக்டர் அவன் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க. இதை வேற யார் யார் தின்னாங்க?"

பூவரசன் விழித்தான். பாப்பா விஷயம் மட்டும்தான் அதுவரை அவன் தலைக்குள் இருந்திருக்கிறது. இப்போதுதான் மற்றது உள்ளே போனது. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்தேன்.

"சந்தைக்கு வந்த சனமுங்க" என்றான். "யாருன்னு சொல்லட்டும். வளையல் விக்கிற அம்மா. மாட்டுத் தரகரு ரெண்டு பேரு. பள்ளிக்கூடத்துப் பசங்க ஒரு கும்பலு. பாதிப் பேரு தருமபுரி பஸ்ஸுல ஏறிட்டாங்க, பாதிப் பேரு கிருஷ்ணகிரி வண்டியில."

"தெரிஞ்ச முகம்? பேர் தெரிஞ்சவங்க?"

"மொத போணி டிரைவரண்ணனுங்க. கிருஷ்ணகிரி வண்டி. அவுரு கைராசின்னு நானாத்தான் கூப்புட்டு மொத தட்டு குடுப்பேன். இன்னைக்கு வண்டி நிக்குற நேரம் வெறும் வயித்துல இருந்தாரு. பசிக்குதுடான்னு இன்னொரு தட்டும் வாங்கினாரு."

"எப்ப?"

"ரெண்டாவது தட்டு, அக்கா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதாங்க, பஸ்ஸ எடுக்கறப்ப. எடுத்துட்டுப் போயிட்டாரு."

 சந்தை முடிந்து போகிற அந்த வண்டியில் நானும் போயிருக்கிறேன். படிக்கட்டு வரைக்கும் தொங்கிக்கொண்டு போவார்கள். நிற்க இடமில்லாமல், குழந்தைகளைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மேல் வரிசையாக உட்காரவைத்துவிடுவார்கள். யுவராணி தன் போனை மறுபடி உயிர்ப்பித்து, பஸ் டெப்போ நம்பரைத் தேடினாள். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்களும் அதையே பார்த்தோம்.

என் பின்னால், கட்டிலில், பாப்பா கண் விழித்து, "அத்தே, தண்ணி" என்றாள். இதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் ஓடிவந்தேன். எங்களில் ஒருவரும் திரும்பவில்லை.